சைபர் ஆம்பியர்ல ஓடுன மோட்டார்

மொதல்லயே சொல்லிடுறேன், பேய் பிசாசு, காத்து கருப்பு, இதுல எதுலயும் எனக்கு நம்பிக்கை கெடையாது. யாராச்சும் வந்து கம்பமெட்டு மலை ரோட்டு வளைவுல வெள்ளையா ஒண்ணு நின்னுச்சுன்னு ஆரம்பிச்சா, பனியா இருக்கும், வைப்பரைப் போட்டுப் பாத்தீகளான்னு கேக்குற ஆளு நான். ஐடிஐல எலக்ட்ரீசியன் பிரிவுக்குப் பாடம் எடுக்குறேன். ஒயரும் மீட்டருமாவே பொழப்பு ஓடுது. நீங்க இப்பவே லேசாச் சிரிக்கிறீக, தெரியுது. பரவாயில்ல, முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.

என் வகுப்புல வருசா வருசம் ஒரு பாடம் வரும். டிஜிட்டல் மல்டிமீட்டரை வெச்சு வோல்ட்டேஜ் பாக்குறப்ப, சப்ளையே இல்லாத ஒயர்ல கூட சில சமயம் எண்பது, நூறுன்னு நம்பர் காட்டும். பக்கத்துல ஓடுற இன்னொரு ஒயரோட வாடை இதுல ஒட்டிக்கிரும், அம்புட்டுத்தான் விசயம். இதுக்கு இங்கிலீசுல பேய் வோல்ட்டேஜ்னே பேரு வெச்சிருக்காக. பயலுக சிரிப்பானுக. அந்தப் பேயைப் பிடிக்கிறது ரொம்ப லேசுடா, ஒரு குண்டு பல்பைக் கொண்டு போயி அந்த ஒயர்ல மாட்டு, நெசக் கரண்டா இருந்தா பல்பு எரியும், பேயா இருந்தா மீட்டர்ல இருக்குற நம்பர் பொத்துன்னு கீழ விழுந்துரும்னு சொல்லுவேன். எனக்குத் தெரிஞ்ச பேய் அது ஒண்ணுதான். போன ஆவணி வரைக்கும்.

எங்க ஊரு காமயகவுண்டன்பட்டி. எங்க தெருவுக்கு அடுத்த தெருவுல பாண்டியம்மாக்கான்னு ஒருத்தவுக. நாங்க மாதா கோயிலுக்குப் போற ஞாயித்துக்கெழமையில எங்க வீட்டுப் புள்ளைகளுக்கு இட்லி குடுத்துவிடுறவுக, அம்புட்டுப் பழக்கம். அவுக வீட்டுக்காரரு தங்கவேலு அண்ணன், பன்னீர் திராட்சை போட்டிருந்தவுக. நாலு வருசத்துக்கு முன்னாடி நெஞ்சுவலின்னு படுத்தவுக எந்திரிக்கல. நல்ல மனுசன். ஒரே ஒரு கொறை, எந்த விசேசத்துக்கும் நேரத்துக்கு வர மாட்டாக. மொய் எழுதி, பந்தி முடிஞ்சு, எலை எடுக்குற நேரத்துக்குத்தான் சிரிச்சுக்கிட்டே வந்து நிப்பாக. அவுக சொந்தக் கல்யாணத்துக்கே வரப்புல பாம்பு, அடிச்சுட்டு வந்தேன்னு சொல்லி லேட்டா வந்தவுகன்னு ஊரே சொல்லும்.

அவுக ஒரே மக கவிதா. தேனியில ஒரு ஆஸ்பத்திரியில நர்சா இருக்கா. அவளுக்கு மார்க்கையன்கோட்டையில மாப்பிள்ளை அமைஞ்சுச்சு. மாப்பிள்ளை தங்கமான பையன், அவன் அம்மாதான் கொஞ்சம் வெறப்பு. கவிதா ஒத்தக்கால்ல நின்னா, கல்யாணம் மண்டபத்துல வேணாம், எங்கப்பா தோட்டத்துலதான் நடக்கணும்னு. திராட்சையெல்லாம் புடுங்கிப்புட்டுத் தென்னை வெச்சுட்டாக, ஆனா தோட்டத்து வீடும் முத்தமும் அப்பிடியே இருக்கு. சம்பந்தியம்மா ரொம்ப யோசிச்சாக. கடைசியில சரின்னாக, சொல்றப்பவே ஒண்ணு சேத்துச் சொன்னாக: தண்ணிக்கும் வெளிச்சத்துக்கும் கொறை வந்துச்சுன்னா நான் ஒண்ணும் பேச மாட்டேன், வந்த சனம் பேசும், அதை ஆயுசுக்கும் உங்க பொண்ணுதான் கேட்டுக்கிட்டு இருக்கணும். கவிதா சிரிச்சுக்கிட்டே தலையாட்டிட்டா. பொறத்தால வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு, அக்கா, கரண்ட் விசயம் உங்க பொறுப்புன்னா.

அதனால கல்யாணத்துக்கு மொத நாளு லீவு போட்டுட்டு நான் அங்கனதான் இருந்தேன். பந்தல்ல சீரியல் செட்டு, வீட்டு ஒயரிங், போர் மோட்டார் எல்லாத்தையும் செக் பண்ணியாச்சு. என் கையில எப்பவும் ஒரு மீட்டர் இருக்கும், டிஜிட்டல் மல்டிமீட்டர்தான், ஆனா தலையில நண்டுக் கொடுக்கு மாதிரி ஒரு கிளாம்ப் இருக்கும். வோல்ட்டேஜ் பாக்கணும்னா அதுல தொங்குற ரெண்டு கம்பி முள்ளையும் ஒயர்ல வெச்சுப் பாக்கலாம், எம்புட்டுக் கரண்ட் ஓடுதுன்னு பாக்கணும்னா ஒயரை வெட்டவே வேணாம், கொடுக்கைத் தொறந்து ஒயரைக் கவ்விப் புடிச்சாப் போதும், ஆம்பியர் காட்டிரும். எங்க வீட்டுக்காரரு அதை என் கழுத்துச் செபமாலைம்பாரு.

மத்தியானம் தாண்டி இருக்கும். சமையல் மாஸ்டர் அப்பத்தான் அண்டா எல்லாம் எறக்கி வெச்சாரு. மேற்கால டிரான்ஸ்பார்மர்ல டமார்னு ஒரு சத்தம். தென்னையில இருந்த காக்காயெல்லாம் எந்திரிச்சு ஆகாசத்துல சுத்துச்சு. போச்சு. அந்தப் பக்கம் அம்புட்டுத் தோட்டத்துக்கும் கரண்ட் இல்ல. லைன்மேன் வந்து பாத்தாரு, பாவம், அவரு என்ன பண்ணுவாரு, உள்ள கருகிருச்சு டீச்சர், வேற கொண்டாந்துதான் மாத்தணும், நாளைக்கு மதியத்துக்குள்ள முடிச்சுருவோம்னாரு. முகூர்த்தமோ விடிகாலையில.

வெளிச்சத்துக்குக் கவலை இல்ல, லைட்டு செட்டுக்காரர் ஜெனரேட்டர் கொண்டு வர்றாரு, கம்பத்துல இருந்து வண்டி கெளம்பிருச்சு. ஆனா அது சின்ன ஜெனரேட்டர். போர்ல இருக்குறது மூணு பேஸ் மோட்டார், அதை இது தூக்காது. மாடித் தொட்டியப் பாத்தா, வந்த சொந்தக்காரப் புள்ளைக குளிக்கிறேன்னு பைப்பைத் தொறந்துவிட்டு அடி தெரியுற வரைக்கும் காலி பண்ணி வெச்சிருக்குதுக. தண்ணி லாரிக்குப் போன் போட்டா, முகூர்த்த நாளு, ஒரு லாரியும் சும்மா இல்ல. ராத்திரிப் பந்திக்கு வர்ற சனம் இருக்கு, விடிஞ்சா ஊரே வருது. மாஸ்டர் காய்கறிக் கூடையப் பாத்துக்கிட்டுக் கையக் கட்டி நின்னாரு. அந்தா மாப்பிள்ளை வீட்டு வேன் கெளம்பிருச்சுன்னு போன் வேற.

கவிதாவுக்கு ரெண்டு கையிலயும் மருதாணி. கண்ணைத் தொடைக்கக் கூட முடியல அந்தப் புள்ளைக்கு. நான்தான் என் முந்தானையால தொடைச்சுவிட்டேன்.

அப்பத்தான் எனக்குப் பழைய கெணறு ஞாவகம் வந்துச்சு. தோட்டத்துக் கீழ் மூலையில தங்கவேலு அண்ணன் காலத்துக் கெணறு ஒண்ணு, பக்கத்துல தகரம் போட்ட மோட்டார் ரூம், வெளிய ஒரு சிமிட்டித் தொட்டி. கெணத்துல நல்ல தண்ணி கெடக்கு, படிதான் இடிஞ்சு போச்சு, கொடத்தைத் தூக்கிக்கிட்டு எறங்க முடியாது. உள்ள ஒரு ஹெச்பி சின்ன மோட்டார், சிங்கிள் பேஸ். போர் போட்டப்பறம் அந்தக் கரண்ட் சர்வீஸை வேணாம்னு எழுதிக் குடுத்து, மீட்டரையும் கழட்டியாச்சு, போஸ்ட்ல இருந்து வந்த ஒயரையும் வெட்டியாச்சு. ஒரு ஹெச்பியை ஜெனரேட்டர் தூக்கிரும். மோட்டார் காயில் நல்லா இருந்தா வேலை முடிஞ்சுச்சு. சரி, போயிப் பாத்துருவோம்னு கெளம்பினேன். கவிதாவோட தாய்மாமன் ராசாங்கம் அண்ணனும் கூட வந்தாரு. கேரளாப் பக்கம் ஏலக்காத் தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போற ஜீப்பு ஓட்டுறவரு, தெனமும் மலையேறி எறங்கி, பேச்சுல பாதி மலையாளம் ஒட்டிக்கிருச்சு, என்னைய டீச்சரேன்னுதான் கூப்புடுவாரு.

பொழுது சாயக் கூட இல்ல, நல்ல வெயிலு. இதை நான் ஏன் சொல்றேன்னா, இருட்டுல என்னத்தையோ பாத்து மெரண்டுட்டேன்னு நீங்க நெனைக்கக் கூடாது.

கதவைத் தள்ளுனோம். ஒரே நூலாம்படை. செவுத்துல மெயின் சுவிட்ச், கைப்பிடி கீழ எறங்கி ஆஃப்ல நிக்குது. மூடியத் தொறந்தா ரெண்டு பியூஸ் கட்டையும் இல்ல, அலமாரியில தூசியோட கெடக்கு. வெளிய இருந்து வர்ற ஒயரு செவுத்தை ஒட்டியே வெட்டி, பூனை மீசையாட்டம் நீட்டிக்கிட்டு இருக்கு. இதுக்கு மேல ஒரு ஒயரு செத்துப்போக முடியாது. இருந்தாலும் தொடுறதுக்கு முன்னாடி மீட்டர் வெச்சுப் பாக்கணும், அது எங்க பொழப்புல மொத பாடம். வெச்சேன். சைபர். சரின்னுட்டு ஓம்ஸ்ல போட்டு மோட்டார் காயிலைப் பாத்தேன், அழகா இருந்துச்சு, பாடிக்குக் கசிவும் இல்ல. ராசாங்கம் அண்ணன்கிட்ட, ஜெனரேட்டர் வந்ததும் இங்கன ஒரு ஒயரை இழுங்கண்ணே, தண்ணி வந்துரும்னேன். அவரு போன் எடுத்து லைட்டு செட்டுக்காரர்கிட்ட பேசிக்கிட்டு இருந்தாரு.

நான் மோட்டார் ஒயரோட பழைய டேப்பைப் பிரிக்கலாம்னு போனேன். பழக்க தோசத்துல இன்னொரு தடவை முள்ளை வெச்சேன். நம்புனா நம்புங்க, இருநூத்து முப்பத்தொண்ணு.

எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. இந்தா வந்துருச்சுல்ல நம்ம பேய் வோல்ட்டேஜு, இதைத்தானே வருசா வருசம் நடத்துறோம்னு நெனைச்சேன். ஆனா அதுக்கும் பக்கத்துல உசுருள்ள ஒயரு ஒண்ணு வேணுமே. அந்தப் பக்கம் அம்புட்டும் செத்துக் கெடக்கு. சரி, பாடத்துல சொன்னதையே செய்வோம்னு பையில இருந்த ஹோல்டரையும் நூறு வாட்ஸ் குண்டு பல்பையும் எடுத்து அதுல வெச்சேன். எரிஞ்சுச்சு. மினுக்குன்னு இல்ல, நம்ம வீட்டுல எரியுற மாதிரி முழுசா எரிஞ்சுச்சு. மீட்டரைப் பாத்தா அதே இருநூத்து முப்பத்தொண்ணு, ஒரு பாயிண்டு எறங்கல.

ராசாங்கம் அண்ணன் போனைக் காதுல வெச்ச மேனிக்கே, வந்துருச்சு டீச்சரே, போடுங்கன்னாரு. நான் அவருகிட்ட எதையும் தொட வேணாம்னு சொல்லிட்டு, வீட்டுக்கு ஓடுனேன். யாராச்சும் ஜெனரேட்டரை மாட்டிட்டாகளோன்னு. ஜெனரேட்டர் வண்டி அப்பத்தான் வாசல்ல வந்து நிக்குது, எறக்கவே இல்ல, நாலு பேரு கயித்தை அவுத்துக்கிட்டு இருக்காக. வீட்டுக்குள்ள போயி பிளக் பாயிண்ட்ல வெச்சேன், சைபர். மீட்டர் மேல சந்தேகம் வந்து, ஒரு புது பேட்டரியில வெச்சுப் பாத்தேன், ஒன்பது வோல்ட்டுன்னு ஒழுங்காச் சொல்லுச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குப் போன் போட்டேன், கரண்ட் வந்துச்சாண்ணேன்னு. எங்கத்தா வந்துச்சு, ஃபேன் நின்னு மணிக்கணக்காச்சுன்னாரு.

திரும்பிப் பாதித் தூரம் வந்திருப்பேன். ஊம்ம்ம்னு ஒரு சத்தம். மோட்டார் சத்தம் எனக்குத் தெரியாதா. அதுக்கப்பறம் பைப்புக்குள்ள குளுகுளுன்னு காத்து ஏறுற சத்தம், ரெண்டு எருமல் எருமிட்டு, தொட்டியில சடசடன்னு தண்ணி விழுற சத்தம்.

ஓடிப் போயிப் பாத்தா, ராசாங்கம் அண்ணன் ரூமுக்கு வெளிய, வெட்டவெளியில நின்னுக்கிட்டு இருக்காரு. அம்மாம் பெரிய மீசைக்காரரு, என்னையப் பாத்ததும் கை ரெண்டையும் மேல தூக்கிட்டாரு.

"டீச்சரே, நான் தொடல. எங்கக்கா மேல சத்தியமா நான் எதையும் தொடல."

உள்ள போயிப் பாத்தேன். கைப்பிடி கீழதான் இருக்கு, ஆஃப்ல. பியூஸ் கட்டை ரெண்டும் அலமாரியிலதான் கெடக்கு. மோட்டார் ஓடுது. இதுல எலக்ட்ரீசியன் இல்லாதவுகளுக்கும் புரியுற விசயம் ஒண்ணு இருக்கு. வருசக்கணக்கா சும்மா கெடந்த மோட்டாரைச் சும்மா போட்டாத் தண்ணி எடுக்காது, மொதல்ல வாய் வழியா ரெண்டு கொடம் தண்ணி ஊத்தி, காத்தை வெரட்டணும். இங்கன யாரும் ஒரு செம்பு தண்ணி ஊத்தல.

என் கை பாட்டுக்கு மீட்டரை எடுத்துருச்சு. கொடுக்கைத் தொறந்து மோட்டார் ஒயரைக் கவ்விப் புடிச்சேன். ரெண்டு ஒயரையும் சேத்துக் கவ்விட்டா, போற கரண்டும் வர்ற கரண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சு சைபர் காட்டிரும், பயலுக அடிக்கடி பண்ற தப்பு. அதனால ஒத்த ஒயரைப் பிரிச்சு எடுத்து, அதை மட்டும் கவ்வுனேன். அம்மாம் தண்ணி தள்ளுற ஒரு ஹெச்பி மோட்டார் ஆறேழு ஆம்பியராச்சும் இழுக்கணும்.

சைபர். சைபர் பாயிண்ட் சைபர் சைபர்.

அடுத்த ஒயரைக் கவ்வுனேன், சைபர். மோட்டார் மேல கைய வெச்சேன், ஓடுற மோட்டார் சூடு காட்டணும்ல, மண்பானையாட்டம் சில்லுன்னு இருந்துச்சு. நான் அப்பிடியே ஒரு சிமிட்டி மூட்டை மேல உக்காந்துட்டேன். ராசாங்கம் அண்ணன் கதவுக்கு வெளிய நின்ன மேனிக்கே, டீச்சரே, நிறுத்திருவோமான்னு கேட்டாரு. எதை அணைச்சு நிறுத்துறது, ஏற்கெனவே ஆஃப்லதானண்ணே இருக்குன்னேன். சொல்லிட்டு எனக்கே சிரிப்பு வந்துருச்சு. என்னையப் பாத்து அவரும் சிரிச்சாரு. ரெண்டு பேரும் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சோம், ஏன்னு கேட்டா இன்னிக்கும் சொல்லத் தெரியாது.

பாண்டியம்மாக்காகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டேதான் போனேன். அவுக பின்கட்டுல உக்காந்து வெத்தலை அடுக்கிக்கிட்டு இருந்தாக. பக்கத்துல கவிதா, கைய முன்னாடி நீட்டிக்கிட்டு. நான் மெதுவா, அக்கா, கீழ் மூலை மோட்டார் ஓடுது, எப்பிடி ஓடுதுன்னு எனக்குத் தெரியல, யாரும் போடலன்னேன். அக்கா நிமுந்து கூடப் பாக்கல. ஒரு வெத்தலையோட காம்பைக் கிள்ளிப் போட்டாக.

"வந்துட்டாகளா? இன்னைக்காச்சும் நேரத்துக்கு வந்தாகளே."

அம்புட்டுத்தான் சொன்னாக. அடுத்த வெத்தலைய எடுத்துட்டாக. ஆனா கை அதுக்கப்பறம் அடுக்கல, அந்த வெத்தலையவே தடவிக்கிட்டு இருந்துச்சு. கவிதா எந்திரிச்சா. மருதாணிக் கைய ரெண்டையும் ஆகாசத்துல தூக்கிக்கிட்டு ஓடுனா பாருங்க, பட்டுப்பாவாடை தடுக்க, நாலு அத்தைமாரு பொறத்தாலயே, ஏ புள்ள நில்லு, மருதாணி கலைஞ்சுரும், ஆத்தா நில்லுன்னு கத்திக்கிட்டு. நேரா போயி டெலிவரி பைப்புக்குக் கீழ நின்னா. தலையோட நனைஞ்சா. கைய மட்டும் தண்ணிக்கு வெளிய நீட்டி வெச்சுக்கிட்டு, மத்த அம்புட்டும் நனைஞ்சு, அழுகிறாளா சிரிக்கிறாளான்னே தெரியாம நின்னா. அக்கா பின்னால வந்து, சளி புடிச்சுத் தும்மிக்கிட்டே தாலிக்குக் கழுத்தை நீட்டப் போறியான்னு வஞ்சாக. வஞ்சுக்கிட்டே அவுகளும் உள்ள போயி நின்னுட்டாக.

அப்பறம் அந்தச் சாயங்காலத்தை நான் என்னன்னு சொல்றது. மாஸ்டர் ஆளுக அண்டா அண்டாவாத் தூக்குனாக. புள்ளைக அம்புட்டும் தொட்டிக்குள்ள விழுந்து கெடந்துச்சுக. யாரோ ஓஸ் பைப்பு மாட்டி மாடித் தொட்டிய நெரப்புனாக, யாரோ பந்தல் முத்தத்துக்குத் தண்ணி தெளிச்சாக, மண்வாசனை கமகமன்னு எந்திரிச்சுச்சு. அந்நேரம்தான் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்னுச்சு. ஆவணிக் காத்துல வாய்க்கால் கரை மண்ணுப் பாதையில வந்தவுக, அம்புட்டுப் பேரும் புழுதி, மாப்பிள்ளைக்கு மீசை செவந்து கெடக்கு. சம்பந்தியம்மா எறங்குனதும் மொத வார்த்தையா, வர்ற வழியில கரண்ட்டே இல்லயாமே, தண்ணிக்கு என்ன பண்ணுனீகன்னு கேட்டாக. ராசாங்கம் அண்ணன் அவுகளைக் கீழ் மூலைக்குக் கூட்டிட்டுப் போனாரு. அந்தம்மா பைப்புத் தண்ணியில மூஞ்சியக் கழுவுனாக. ஒரு கை அள்ளிக் குடிச்சாக. இன்னொரு கை குடிச்சாக. அப்பறம் சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு ரெண்டு காலையும் நீட்டித் தொட்டி விளிம்புல உக்காந்தவுகதான், சாப்பாட்டுக்கு எழுப்ப ஆள் அனுப்ப வேண்டியதாப் போச்சு. இம்புட்டுத் தித்திப்பான தண்ணி எங்க பக்கம் இல்லன்னு எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தாக. அந்தக் கெணத்துத் தண்ணி லேசா உப்பு, அது ஊருக்கே தெரியும். அன்னைக்கு நானும் குடிச்சுப் பாத்தேன். உப்பு இல்ல.

வேற யாருக்கும் நான் எதையும் சொல்லல. சொன்னா யாரு கேக்குறது, அம்புட்டுச் சந்தோசத்துல. பழைய மோட்டாரை டீச்சர் ஓட விட்டுட்டாகன்னு எனக்குத்தான் பேரு. ஜெனரேட்டர் வந்து சீரியல் செட்டு எரிஞ்சப்ப, ஒரு சந்தேகத்துல அந்த ஒயரை என் மீட்டரால கவ்விப் பாத்தேன். ஏழு ஆம்பியர், கிண்ணுன்னு காட்டுச்சு. மீட்டர்ல தப்பு இல்ல.

விடிகாலையில கெட்டிமேளம் கொட்டி, தாலி கட்டி, பந்தி நடந்து, நானும் ரெண்டாம் பந்தியில உக்காந்து பாயாசம் வரைக்கும் சாப்பிட்டு, கை கழுவப் போறப்பத்தான் கவனிச்சேன், கீழ் மூலையில சத்தம் இல்ல. எப்ப நின்னுச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியல. கேட்டுப் பாத்தேன், கொஞ்ச முந்தி ஓடிக்கிட்டு இருந்துச்சேன்னு ஆளுக்கு ஒண்ணு சொன்னாக. பாண்டியம்மாக்காகிட்டச் சொன்னேன். அவுகளுக்கு லேசா மொகம் வாடுச்சு.

"சாப்பிட்டுப் போயிருக்கலாம்"னாக. அப்பறம் ஒரு எலை எடுத்து எல்லாத்துலயும் ஒவ்வொண்ணு வெச்சு, மோட்டார் ரூம் வாசல்ல கொண்டு போயி வெச்சுட்டு வந்தாக. சொன்ன மாதிரியே மதியம் டிரான்ஸ்பார்மரை மாத்திட்டாக.

அதுக்கப்பறம் நான் சும்மா இருப்பேனா. எங்க ஐடிஐல எலக்ட்ரானிக்ஸ் சார் ஒருத்தரு இருக்காரு, அவருகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். தோட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி டவர் லைன் போகுதுல்ல, அந்தப் பெரிய கரண்ட்டோட தூண்டல்ல ஏதாச்சும் ஏறியிருக்கும்னாரு. சரி சார், அதுல டியூப் லைட்டு மினுக்கும், நூறு வாட்ஸ் பல்பு எரியுமான்னேன். சரி, எப்பிடியோ எரிஞ்சதாவே வெச்சுக்குவோம், சைபர் ஆம்பியர்ல மோட்டார் எப்பிடி ஓடும்னேன். டீச்சர், நீங்க அன்னைக்கு வெயில்ல நெறைய அலைஞ்சுருப்பீகன்னாரு. எங்க கோயில் சாமியார்கிட்டயும் சொன்னேன், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேக்குற பாவசங்கீர்த்தனம் மாதிரி இல்ல, சும்மாத்தான். அவரு பொறுமையாக் கேட்டுட்டு, சாப்பாடு எப்பிடி இருந்துச்சுன்னாரு. நல்லா இருந்துச்சு சாமின்னேன். அப்பறம் என்னம்மான்னு சிரிச்சுட்டாரு.

கவிதா இப்ப முழுகாம இருக்கா. சம்பந்தியம்மா அவளை ஒரு கொடம் தூக்க விடுறதில்லயாம். வர்றப்பல்லாம் அந்தக் கெணத்துத் தண்ணி ஒரு கேன் கேட்டு வாங்கிட்டுப் போறாக. இப்ப அது உப்புத்தான், ஆனா அவுக தித்திக்குதுன்னே சொல்றாக.

இதோட முடிஞ்சிருந்தா, சரி, என்னமோ நடந்துச்சு, நல்லதுதானே நடந்துச்சுன்னு நானும் விட்டிருப்பேன். கல்யாணம் முடிஞ்சு ஒரு வாரம் கூட ஆகல, அந்த மோட்டாரைப் பிரிச்சுப் பாத்துருவோம்னு ராசாங்கம் அண்ணனைக் கூட்டிக்கிட்டுப் போனேன். பின்பக்கம் தகர மூடி ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள மோட்டாரைக் குளுமையா வெக்கிறதுக்கு ஒரு ஃபேன், மோட்டார் சுத்துனா அதுவும் சேந்து சுத்தும், ரெண்டுக்கும் ஒரே தண்டு. மொதல்ல அந்த மூடியைக் கழட்டுனேன்.

உள்ள அணில் கூடு.

இன்னைக்கு நேத்துக் கட்டுன கூடு இல்ல. தேங்காய் நாரு, பஞ்சு, காஞ்சு சருகாப் போன திராட்சை எலை, அந்தத் தோட்டத்துல திராட்சையைப் புடுங்கியே மூணு வருசமாச்சு. ஃபேனோட ஒவ்வொரு றெக்கைக்கும் நடுவுல நாரைக் கோத்துக் கோத்து, தண்டைச் சுத்தி, ஒரு நூலு அறாம பின்னி வெச்சிருக்கு. அது ஒரு சுத்துச் சுத்தியிருந்தாக் கூட அம்புட்டும் பிஞ்சு தூளாப் போயிருக்கும். நடுவுல மூணு குட்டி. முதுகுல கோடு விழுந்து, முடி மொளைச்சு, கண்ணு அப்பத்தான் லேசாத் தொறக்குது. அணில் வளத்த ஆளு ராசாங்கம் அண்ணன், இதுக பொறந்து ரெண்டு மூணு வாரம் இருக்கும் டீச்சரேன்னாரு. சொல்லிட்டு அவரே கல்யாண நாள்ல இருந்து வெரல் விட்டு எண்ணிப் பாத்தாரு.

அப்ப அன்னைக்கும் அதுக உள்ளதான் இருந்திருக்கு. அம்புட்டு நேரமும். அந்த மோட்டார் சுத்தவே இல்ல, அதனாலதான் சைபர் ஆம்பியர், என் மீட்டர் சொன்னது சரிதான். அப்ப என் காதுல கேட்ட சத்தம் என்ன, ஊரே குளிச்ச தண்ணிய மேல தூக்குனது எதுன்னு என்னையக் கேக்காதீக.

மூடியைப் பதனமா மாட்டிட்டு வந்துட்டோம். அதை நாங்க திரும்பத் தொறக்கல. பயம்னு சொல்ல மாட்டேன், அந்தத் தோட்டத்துக்குப் போனா எனக்கு மனசு லேசாத்தான் இருக்கு. ஆனா அன்னைக்கு அந்த மோட்டார் பக்கத்துல அம்புட்டு நேரம் உக்காந்திருந்தேனே, பின்னாடி போயி ஃபேன் காத்து வருதான்னு கைய நீட்டிப் பாக்க எனக்குத் தோணவே இல்ல. அதான் இப்ப வகுப்புல எந்த மோட்டாரை ஓடவிட்டாலும் மொதல்ல பின்னால போயி நிக்கிறேன். கைய நீட்டுறேன். காத்து என் உள்ளங்கையில வந்து படுற வரைக்கும், பயலுக என்னத்தைக் கேட்டாலும் என் காதுல விழுறதில்ல.